சேரன் பெயரில் எடுக்கப்பட்ட கால்

இதை எழுதத் துணிந்ததற்காக முதலில் மன்னிப்புக் கோருகிறேன். எனக்குக் கதை எழுதிப் பழக்கமில்லை. நீதிமன்றத்தைப் பற்றியோ மருத்துவமனையைப் பற்றியோ கருத்துச் சொல்லும் தகுதியும் கிடையாது. அவ்விடங்களில் பணியாற்றும் பெருமக்கள் என்னைவிடப் படித்தவர்கள். அவர்களில் ஒருவரும் விதிக்குப் புறம்பாக எதையும் செய்யவில்லை என்பதைப் படித்து முடிப்பவர்கள் தாமே உணர்வார்கள். ரெத்தினம் என்பவருக்கு நேர்ந்ததை நேர்ந்த வரிசையிலேயே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

ரெத்தினம் தஞ்சைக்குத் தெற்கே, கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் ஒன்றில், குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைத்துவந்தார். அங்கே தண்ணீர் முறைவைத்து விடப்படும். முறை வரும் நாளில் மதகைத் திறக்கவும், முறை முடிந்ததும் பூட்டவும் துரைக்கண்ணு என்ற அரசு ஊழியர் இருந்தார். கரை காக்கும் ஊழியரை அந்தப் பக்கத்தில் லஸ்கர் என்பார்கள். துரைக்கண்ணு பூட்டுவதை ஒருநாளும் மறந்தவரல்லர். திறப்பதில்தான் சற்றுத் தாமதம் ஏற்படும்.

சம்பாவுக்கு விட்ட நாற்று நுனி கருகத் தொடங்கிய ஒரு காலையில், ரெத்தினம் மதகடியில் நின்று உரக்கக் கத்தினார்.

"இன்னிக்கும் தொறக்கலன்னா நானே பூட்ட ஒடைச்சிடுவேன், பாத்துக்குங்க!"

கரையில் பலர் நின்று கேட்டார்கள். கத்தி முடித்தவர் வயலுக்குப் போய்விட்டார். கோபம் வந்தவர்கள் கத்திவிட்டு வயலுக்குப் போவதுதான் அந்த ஊர் வழக்கம்.

வயலில் அவருடைய தம்பி சேரன் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். வாடகை டிராக்டருக்குச் சேரன் ஓட்டுநர். உழும் கத்திகளில் பழைய வைக்கோல் சுற்றிக்கொண்டது. ரெத்தினம் அதைக் காலால் நெம்பித் தள்ளினார். கையால் எடுத்தால் விரல் போய்விடும் என்ற அச்சத்தால் அந்த ஊரில் எல்லோரும் காலால்தான் தள்ளுவார்கள். சேரன் திரும்பிப் பார்க்காமல் கிளட்சை விட்டார்.

தஞ்சையில் ஒரு பெரிய மருத்துவமனை. அதன் பெயரைக் குறிப்பிடுவது முறையாகாது. ரெத்தினத்தின் மனைவி ராமாயி, தம் சேலை முந்தானையால் சுற்றிய கணவரின் காலை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பணியாளர், வழக்கமான கனிவோடு கேட்டார்.

"காப்பீட்டு கார்டு இருக்கா?"

ரெத்தினத்திடம் இல்லை. குடும்ப அட்டையில் பெயர் இருந்தால்தான் அது கிடைக்கும். அண்ணனும் தம்பியும் குடும்ப அட்டையைப் பிரித்துக்கொண்டபோது பழைய அட்டையிலிருந்து ரெத்தினத்தின் பெயரை நீக்கினார்கள். புதிய அட்டையில் இன்னும் சேர்க்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் அவர் எந்தக் குடும்பத்திலும் இல்லாதவராக இருந்தார்.

"கார்டு இருந்தா நேரா தியேட்டருக்கு. இல்லன்னா பில்லிங்ல முன்பணம் கட்டிட்டு வாங்க. அவசரமில்ல, நிதானமா யோசிங்க."

ராமாயி யோசிக்கவில்லை. சேரனின் சட்டைப்பையில் கையை விட்டு அட்டையை எடுத்துத் தடுப்புக்குள் நீட்டினார். பணியாளர் அட்டையிலிருந்த படத்தையும், தள்ளுவண்டியில் கிடந்தவரையும் மாறிமாறிப் பார்த்தார். படத்தில் இருப்பது ஒரு மனிதர் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. விரல்ரேகை இயந்திரம் அன்று பழுது.

"பேரு சேரனா?"

"ஆமாங்க," என்றார் ராமாயி.

"ஆமாங்க," என்றார் சேரன்.

ரெத்தினத்துக்கு நினைவு தப்பியிருந்தது. அன்று பகல் சேரன் என்பவரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. அந்த வார்டில் இருந்தவரை ரெத்தினம் சேரனாக இருந்தார். செவிலியர் "சேரன், மாத்திர!" என்று குரல் கொடுத்தால் அண்ணன் கை நீட்டுவார். தம்பி தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

அதே பகலில், ரெத்தினம் அறுவை அரங்கில் மயங்கிக் கிடந்த நேரத்தில், மதகுப் பூட்டு கழன்று விழுந்து கிடந்தது. அது துருப்பிடித்து விழுந்தது என்பதை ஊரில் அனைவரும் அறிவர். ஆனால் துருவின் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்க இயலாது. துரைக்கண்ணு அப்போது மைத்துனர் வீட்டுக் காதுகுத்தில் பந்தியில் அமர்ந்திருந்தார். பணி நேரத்தில் பந்தியில் இருந்ததாக எழுதிக் கொடுப்பதும் முறையன்று. ஆகவே கரையிலேயே இருந்ததாகவும், குற்றத்தை நேரில் கண்டதாகவும் எழுதிக் கொடுத்தார். நேரில் கண்டால் யாரையாவது கண்டிருக்க வேண்டும் அல்லவா? காலையில் கத்தியவர் நினைவுக்கு வந்தார். ரெத்தினம் பூட்டை உடைத்துவிட்டு, வாய்க்காலைத் தாவிக் குதித்து ஓடி மறைந்ததாகப் புகார் அமைந்தது. விபத்துச் செய்தி காதுகுத்து வீடு வரை வந்து சேர்ந்திருக்கவில்லை.

உதவி ஆய்வாளர் விசாரணைக்கு வந்தபோது ரெத்தினம் வாசலில் ஊன்றுகோலோடு நின்றார். உதவி ஆய்வாளர் காலைப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார்.

"பேரு ரெத்தினமா?"

"ஆமாங்கய்யா. ஆனா அன்னிக்கு நான்..."

"பேரு சரியா இருக்கா? அப்பறம் என்ன? காலு பின்னாடி போயிருக்கும்."

துரைக்கண்ணு மனச்சாட்சி இல்லாதவரல்லர். அன்று மாலையே ரெத்தினத்தின் வீட்டுக்கு வந்து வருத்தம் தெரிவித்தார்.

"கோவிச்சுக்காத ரெத்தினம். காலு போனது தெரிஞ்சிருந்தா வேற பேரு எழுதியிருப்பேன். இப்ப மாத்துனா பொய்ப் புகாருன்னு எம் மேல வந்துரும்."

"அப்ப நான் உள்ள போவணுமாங்க?"

"கோர்ட்டுல சொல்லு. உண்மைய சொன்னா விட்டுருவாங்க," என்று ஆறுதல் கூறிவிட்டுப் போனார்.

பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம் உறுதியானால் குறைந்தது ஓராண்டுச் சிறை. வழக்கறிஞர் மதிவாணன் இதைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் இளைஞர். தம் வாழ்நாளில் இத்தனை உறுதியான வழக்கு அமைந்ததில்லை என்றார்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க. காலு ஆஸ்பத்திரியில போயிருக்கு. கேஸ் ஷீட்ட வாங்கி நீதிமன்றத்துல சான்றாக் குறியீடு செஞ்சா ஒரே வாய்தாவுல முடிஞ்சுது. வேற என்ன வேணும்?"

"சார்," என்றார் ரெத்தினம் தயங்கி. "இல்லாத காலு இன்னும் அரிக்குதுங்க. குதிகால்ல. ராவும் பகலும்."

மதிவாணன் முகம் மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத வெளிய எங்கயும் சொல்லாதீங்க. அரசுத் தரப்பு காதுல விழுந்தா கால் இருக்குன்னு வாதாடுவாங்க."

கேஸ் ஷீட்டை வாங்க ரெத்தினமும் ராமாயியும் மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்குப் போனார்கள். ஆவணப் பொறுப்பாளர் விஜயலட்சுமி அவர்களை உட்காரச் சொல்லி, மின்விசிறியையும் போட்டார். கணினியில் தேடினார்.

"இருக்கு. சேரன். வலது கால். ஆனா நோயாளிகிட்டதான் கொடுப்போம். நீங்க யாரு?"

"அந்தக் காலுக்குரிய ஆளுங்க," என்றார் ரெத்தினம்.

"உங்க அடையாள அட்டையில ரெத்தினம்னு இருக்கே?"

"அந்தக் கார்டு..." என்று ரெத்தினம் தொடங்கியதுமே ராமாயி அவர் ஊன்றுகோலைத் தம் பாதத்தால் இடித்தார். மாற்று அட்டையில் சிகிச்சை பெறுவது மோசடி என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகை விஜயலட்சுமியின் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"இவரு கொழுந்தனாருக்கு அண்ணன்," என்றார் ராமாயி. "அவரக் கூட்டியாறோம்ங்க."

மறுநாள் அவர்களோடு சேரனும் வந்தார். விஜயலட்சுமி அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்தியடைந்தார். பிறகு மேசைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். சேரனின் இரண்டு பாதங்களையும் சற்று நேரம் பார்த்தார்.

"நோயாளி எங்கங்க?"

"நாந்தாங்க."

"வலது கால் எடுத்திருக்கே. உங்களுக்கு இருக்கே."

"இருக்குதுங்க," என்றார் சேரன், குற்றம் செய்தவர் போல.

விஜயலட்சுமி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, அத்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய அனுபவத்தோடு விளக்கினார். "தம்பி, இந்த அறைக்கு தெனமும் ஆயிரம் பேரு வர்றாங்க. நாங்க மனுசன பாத்துக் கொடுக்க ஆரம்பிச்சா யாருக்கு என்ன கொடுத்தோம்னே தெரியாமப் போயிடும். பேரு ஒத்துப்போகணும், உடம்பும் ஒத்துப்போகணும். அவருக்கு உடம்பு ஒத்துப்போவுது, பேரு போவல. உங்களுக்குப் பேரு ஒத்துப்போவுது, உடம்பு போவல. ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளா வந்தீங்கன்னா இப்பவே கொடுத்துடறேன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே உதவ விரும்பினார்.

வெளியே வந்ததும் சேரன், "அண்ணி, எங்காலயும் ஒண்ணு எடுத்துட்டா கொடுத்துடுவாங்கன்னு நெனக்கிறேன்," என்றார். ராமாயி சிரித்தார், அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். அந்த வழக்கில் அவர்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அதுவே கடைசி முறை.

மாற்றுத்திறனாளிச் சான்றாவது வாங்கலாம் என்று மதிவாணன் அனுப்பிவைத்தார். மருத்துவக் குழுவில் மூவர் இருந்தார்கள். மூவரும் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்கள். தையல் நேர்த்தியாக இருப்பதாகப் பாராட்டினார்கள். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்பதற்கு வீடு திரும்பும்போது மருத்துவமனை கொடுத்த சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டார்கள். அதில் சேரன் பெயர் இருந்தது. "இந்தக் காலை எடுத்ததற்கு ஆதாரம் இல்லை. ஆகவே இது பிறவியிலிருந்தே இல்லாததா, பின்னர் இல்லாமற் போனதா, தற்காலிகமாக இல்லாததா என்று குழுவால் முடிவு செய்ய இயலவில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

விசாரணை தொடங்கியது. முதல் சாட்சி துரைக்கண்ணு. மதிவாணன் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"எதிரி எப்படி ஓடினார்?" நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர்.

"வேகமாங்க."

"எதனால் ஓடினார்?"

"காலாலதாங்க."

"எத்தனை காலால்?"

துரைக்கண்ணு கூண்டுக்கு எதிரே நின்ற ரெத்தினத்தைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்வதில் அவருக்குச் சிரமமிருந்தது. "நான் மொகத்தத்தான் பாத்தேங்க. காலப் பாக்கல," என்றார். நீதித்துறை நடுவர் அதைப் பதிவு செய்துகொண்டார். நேர்மையான சாட்சி என்று தீர்ப்பில் பின்னர் பாராட்டப்பட்டதற்கு இந்தப் பதிலே காரணம்.

அடுத்து, சட்டப்படி நடுவர் எதிரியிடம் நேரடியாகக் கேள்விகள் கேட்க வேண்டும். மாண்புமிகு நடுவர் இரக்கமுள்ளவர். சம்பிரதாயக் கேள்விகள் முடிந்ததும், ஊன்றுகோலில் தொங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கனிவோடு கேட்டார்.

"நெடுநேரம் நிக்கறீங்களே, அந்தக் கால்ல வலி இருக்கா?"

இத்தனை நாளில் ரெத்தினத்திடம் அந்தக் காலைப் பற்றி அக்கறையோடு கேட்ட முதல் அதிகாரி அவர்தாம். மதிவாணன் கண்ணைக் காட்டியதை ரெத்தினம் கவனிக்கவில்லை.

"வலி இல்லீங்கய்யா. அரிப்புதாங்க. குதிகால்ல ஓயாம அரிக்குது."

"வலது குதிகால்லயா?"

"ஆமாங்கய்யா."

தட்டச்சர் அதைத் தட்டினார். மதிவாணன் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மருத்துவ ஆவணத்தை வரவழைக்க மதிவாணன் மனுப் போட்டார். பல வாய்தாக்களுக்குப் பிறகு அது வந்தது. அரக்கு முத்திரையிட்ட உறையில், ஒரு காவலாளியின் துணையோடு, முகூர்த்தப் பட்டு வருவது போல வந்தது. உள்ளே கேஸ் ஷீட்டும், எக்ஸ்ரே பதிவான ஒரு குறுந்தகடும் இருந்தன. அதைப் போட்டுப் பார்க்கும் கருவி அந்த நீதிமன்றக் கணினியில் இல்லை. பெஞ்ச் கிளார்க் அனுபவசாலி. பழைய எக்ஸ்ரே பிலிமைப் பார்ப்பது போலத் தகட்டைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். அதில் அவருடைய முகம் தெரிந்தது. நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எலும்பு ஏதும் புலப்படலீங்கய்யா," என்று பணிவோடு அறிவித்தார். அப்படியே பதிவு செய்யப்பட்டது.

அறுவை செய்த டாக்டர் பூர்ணிமா சாட்சி சொல்ல வந்தார். வெளியே நோயாளிகள் காத்திருப்பதாகவும், விரைவாக முடித்தால் நன்றாயிருக்கும் என்றும் கேட்டுக்கொண்டார். மதிவாணன் ரெத்தினத்தைக் காட்டினார்.

"நீங்க அறுவை செஞ்சது இவருக்குத்தானே?"

"எனக்குத் தெரியாது."

"மேடம், நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துப் பிரயோசனமில்ல. தியேட்டர்ல பச்சைத் துணி போட்டு முழுக்க மூடியிருப்பாங்க. என் முன்னாடி ஒரு கால்தான் இருந்துச்சு. மொகத்த நான் பாக்கறதில்ல. பாத்தா கை நடுங்கும்னு எங்க பேராசிரியர் சொல்லுவார்." டாக்டர் பூர்ணிமா சிறிது சிந்தித்தார். "அந்தக் கால கொண்டு வந்தீங்கன்னா அடையாளம் காட்டறேன். நான் செஞ்ச வெட்டு எனக்குத் தெரியும்."

அரசு வழக்குரைஞர் துள்ளி எழுந்தார். முதன்மைச் சான்று கால்தான் என்றும், காலைத் தாக்கல் செய்யாமல் காலைப் பற்றிய காகிதத்தைத் தாக்கல் செய்வது ஏற்கத்தக்கதன்று என்றும் வாதிட்டார். நடுவருக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. காலை முன்னிலைப்படுத்த ரெத்தினத்துக்குக் கால அவகாசம் வழங்கப்பட்டது.

மீண்டும் விஜயலட்சுமி. அவர் மிகவும் ஒத்துழைத்தார். கழிவுப் பிரிவிலிருந்து ஒரு சீட்டின் நகலை எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் பையில் இட்டு எரிப்பதற்காக அனுப்பப்பட்டது: கால், வலது, சேரனுடையது.

"ஏங்க, எரிச்சுட்டாங்களா?" என்றார் ரெத்தினம். அதை அவர் அதுவரை யோசித்திருக்கவில்லை. எங்கோ வைத்திருப்பார்கள் என்றே நினைத்திருந்தார். குதிகால் அந்த நேரத்திலும் அரித்தது.

"விதிப்படி உடனே எரிச்சுடணும்ங்க. நீங்க நீதிமன்றத்துக்கு வேணும்னு முன்னாடியே ஒரு மனு கொடுத்திருந்தா எடுத்து வச்சிருப்போம்."

"அப்ப நான் மயக்கத்துல இருந்தேங்க."

"அது தெரியுது. உங்க தரப்புல யாராச்சும் கொடுத்திருக்கலாம்."

அடுத்த வாய்தாவில் அண்ணன் தம்பி இருவரும் நடுவர் முன்னால் அருகருகே நிறுத்தப்பட்டார்கள். ஆவணமும் எதிரே மேசையில் இருந்தது. அரசு வழக்குரைஞர் அன்று ஆற்றிய உரையை நீதிமன்ற வளாகத்தில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

"மாண்புமிகு நடுவர் அவர்களே! ஆவணம் உணர்ச்சிவசப்படாது. ஆவணத்துக்கு மனைவி இல்லை, தம்பி இல்லை, பசி இல்லை. மனிதர்கள் பொய் சொல்வார்கள். அவர்களுடைய கால்களும் பொய் சொல்லும். அன்றாடப் பணியில், பொறுப்புள்ள அதிகாரிகளால் பேணப்பட்ட பதிவேடு, சேரனுக்கு வலது கால் இல்லை என்கிறது. இதோ நிற்கிற சேரனிடம் வலது கால் போன்ற ஒன்று காணப்படுகிறது. எதை நம்புவது? இன்று ஒரு காலைக் கண்ணால் பார்த்தோம் என்பதற்காக ஓர் ஆவணத்தைத் தள்ளினால், நாளை நிலப்பட்டாவை எவன் மதிப்பான்? பிறப்புச் சான்றை எவன் மதிப்பான்? நாடு என்னாகும்?"

சேரனால் தாங்க முடியவில்லை. "இருக்குதுங்கய்யா, பாருங்க!" என்று வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார்.

"நீதிமன்றத்தில் சத்தம் எழுப்பக் கூடாது," என்றார் நடுவர்.

"எந்தக் காலால எழுப்பினார்னு பதிவு செய்யணும்ங்கய்யா," என்று மதிவாணன் எழுந்தார்.

"அது வழக்குக்குத் தொடர்பில்லை."

அன்று வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் மதிவாணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். இனி ஒரே வழிதான். கார்டு மாறிய கதையை ராமாயி கூண்டிலேறிச் சொல்ல வேண்டும். சொன்னால் ரெத்தினம் வெளியே வருவார். ஆனால் அட்டை மோசடி வழக்கு ராமாயி மீதும் சேரன் மீதும் வரலாம்.

"வேணாம்," என்றார் ரெத்தினம். "நான் போயிடறேன். ஒரு வருசந்தானே."

"அண்ணன் சொல்றதும் சரிதான்," என்றார் சேரன், மரத்தைப் பார்த்துக்கொண்டு.

ராமாயி கொழுந்தனாரைத் திரும்பிப் பார்த்தார். "ஒத்தக் காலோட செயில்ல எப்படிப்பா குந்துவாரு? கக்கூசு போவணும்ல? யோசிச்சியா? கிளட்ச விட்டப்பயும் நீ யோசிக்கல." பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நான் சொல்றேன். பொய்யா சொல்லப்போறேன்? நடந்ததத்தானே?"

ராமாயி நடந்ததைச் சொன்னார். வைக்கோல், கிளட்ச், சேலை, தடுப்புக்குப் பின்னாலிருந்தவர் கேட்ட கேள்வி, சட்டைப்பை, எல்லாவற்றையும் சொன்னார். குறுக்கு விசாரணையில் அரசு வழக்குரைஞர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆக, நீங்க மருத்துவமனைய ஏமாத்துனீங்க?"

"ரத்தம் கொட்டுச்சுங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. ஏமாத்துனீங்களா?"

"ஆமாங்க."

"நன்றி," என்று தலைதாழ்த்தி அமர்ந்தார்.

தீர்ப்பு நாளன்று ரெத்தினம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். வீடு திரும்பும் வழியில் உரக்கடைக்குப் போக வேண்டும் என்று ராமாயியிடம் சொல்லியிருந்தார். நடுவர் தெளிவான குரலில் வாசித்தார்.

"எதிரித் தரப்புச் சாட்சி ராமாயி, எதிரியின் மனைவி. எதிரியைக் காப்பாற்றும் ஆர்வம் உடையவர். ஆகவே, அறுவை செய்யப்பட்டவர் எதிரிதான் என்று அவர் கூறுவதை இந்நீதிமன்றம் நம்பவில்லை. அதே வேளையில், வேறொருவர் அட்டையைக் கொடுத்து மருத்துவமனையை ஏமாற்றியதாக அவர் கூறுவது அவருக்கே பாதகமானது. தமக்குப் பாதகமானதை எவரும் பொய்யாகக் கூற மாட்டார்கள். ஆகவே அதனை இந்நீதிமன்றம் முழுமையாக நம்புகிறது. சேரனுடைய அட்டையைப் பயன்படுத்திக் காலை இழந்தவர் எதிரி என்பது மெய்ப்பிக்கப்படாததால், அவர் ஒரு மூன்றாம் நபராக இருக்க வேண்டும். அந்நபரைக் காவல்துறை தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை சேரனைப் பற்றிய மருத்துவப் பதிவு செல்லுபடியாகும். எதிரியைப் பொறுத்தமட்டில், தமது வலது குதிகாலில் உணர்ச்சி இருப்பதாக அவரே இந்நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டுள்ளார். இல்லாத காலில் உணர்ச்சி இருக்க இயலாது. குற்றம் நிகழ்ந்த நாளில் அவருக்கு இரண்டு கால்கள் இருந்தன என்றே கொள்ள வேண்டியுள்ளது."

ஓராண்டு.

"ஏன் சார்," என்று ராமாயி மதிவாணனின் கருப்பு அங்கியைப் பிடித்துக்கொண்டார். "ஒரே வாயில வந்ததுதானே? பாதி பொய்யி, பாதி நெசமா?"

"அதான்மா தீர்ப்பு," என்றார் மதிவாணன். அவர் குரல் கம்மியிருந்தது. ஆனால் தீர்ப்பின் கட்டமைப்பை மனத்துக்குள் வியந்துகொண்டும் இருந்தார்.

சிறை வாசலில் ஊன்றுகோலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆயுதமாகப் பயன்படக்கூடும் என்பது விதி. இரண்டு காவலர்கள் கைத்தாங்கலாக உள்ளே தூக்கிச் சென்றார்கள். சிறை மருத்துவர் புதியவரைச் சோதித்து, பதிவேட்டில் எழுதினார்: ரெத்தினம், வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ரெத்தினத்தின் பெயரும் ரெத்தினத்தின் காலும் ஒரே தாளில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. செய்தி கேட்டு மதிவாணன் ஓடோடி வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சிரைத்தார்.

"கெடச்சிருச்சு ரெத்தினம்! அப்பீல்ல இத போட்டா முடிஞ்சுது!"

மேல்முறையீட்டில் அதைப் போட்டார். அத்தாள், ரெத்தினம் சிறைக்கு வந்த நாளில் கால் இல்லை என்பதை மட்டுமே காட்டுவதாகவும், குற்றம் நிகழ்ந்த நாளில் இல்லை என்பதைக் காட்டவில்லை என்றும் அரசுத் தரப்பு பதிலளித்தது. வாய்தாக்கள் போடப்பட்டன. தண்டனை முடிந்த பிறகு ஒரு தேதியில் அது விசாரணைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது.

கைதிகளைப் பார்க்க அனுமதிக்கும் ஒரு நாளில் ராமாயி வந்தார். கம்பி வலைக்கு மறுபுறம் ரெத்தினம் சுவரில் சாய்ந்து நின்றார்.

"போலீசு வந்துச்சு," என்றார் ராமாயி. "அந்த மூணாவது ஆளத் தேடறாங்களாம். இந்தப் பக்கம் ஒத்தக் காலு ஆளு யாராச்சும் உண்டான்னு கேட்டாங்க. ஒருத்தரு இருந்தாருங்க, நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்கன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவரு இல்லம்மா, வேற ஆளுன்னு சொல்லிட்டு, தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போனாங்க."

ரெத்தினம் சிரிக்க முயன்றார். வாய் கோணியது. "இந்தத் தடவ விட்ட நாத்து?"

"கருகிப் போச்சு. நடவே இல்ல. நெலத்த வேற ஆளுக்கு விட்டுட்டாங்க."

சேரன் ஒரே ஒருமுறை வந்தார். போக்குவரத்து அலுவலகத்துக்குத் தீர்ப்பின் நகல் போயிருந்தது. வலது கால் இல்லாதவருக்கு ஓட்டுநர் உரிமம் வழங்க விதியில்லை. சேரன் நேரில் போய் வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டியிருக்கிறார். அங்கிருந்த அலுவலர் மரியாதையாகவே பேசினாராம். "கால் இருக்கட்டுங்க. இல்லன்னு யார் சொன்னா? ஆர்டர்லதான் இல்ல. மூணாவது ஆளு கெடச்சதும் வாங்க" என்று அனுப்பிவிட்டாராம்.

"அண்ணே," என்றார் சேரன். வலையைத் தொடாமல் தள்ளி நின்றார். "ஒங்க காலு எம் பேருல போச்சு. எங் காலு ஒங்க கேசுல போச்சு. கணக்கு சரியாப்போச்சு. இதுக்கு மேல என்னய எதுக்கும் கூப்புடாதீங்க."

"சேரா, நான் வேணாம்னுதான்டா சொன்னேன்..."

"சொன்னீங்க. அண்ணி கேட்டாங்களா?"

இது அண்ணன் தவறா, அண்ணி தவறா, தம்பி தவறா என்று தீர்மானிக்கும் தகுதி எனக்கில்லை. ஆகவே போனவற்றை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

ரெத்தினத்தின் வலது கால், முழங்காலுக்குக் கீழே. எரிக்கப்பட்டது. சாம்பல் கொடுக்கப்படவில்லை.

அவருடைய ஓராண்டு.

ஒரு சம்பா. குத்தகை நிலம்.

சேரனின் ஓட்டுநர் உரிமம், டிராக்டர் வேலை. இப்போது வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் உப்பு வாருகிறார். இரண்டு கால்களாலும் நிற்க வேண்டிய வேலை.

ராமாயியின் பெயர். அட்டை மோசடி வழக்கில் அவர் முதல் எதிரி, சேரன் இரண்டாம் எதிரி. வாய்தாவுக்கு இருவரும் ஒரே பேருந்தில் வந்து இறங்கினாலும் தனித்தனியாக நடந்து போகிறார்கள்.

அண்ணன் தம்பி பேச்சு.